கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? உப்புநீர்த் தொட்டிக்கு சம்ப் அமைத்த அனுபவம்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோலில் நான்கு அடி உப்புநீர் மீன் தொட்டி ஓடத் தொடங்கி ஏழு மாதம். ஒரு பின்னேரம் நான் வெளியில் நின்றபோது அம்மா போன் எடுத்தார். "தம்பி, தொட்டிக்குக் கீழே இருந்து தண்ணி வருது. கதிரைக் கால் எல்லாம் நனைஞ்சு போச்சு." ஓடி வந்து பார்த்தேன். டைல் தரை முழுக்க உப்புத் தண்ணீர். மேல் தொட்டியில் தண்ணீர் ஆறு சென்ரிமீற்றர் இறங்கி நின்றது. கீழே இருந்த சிறிய தொட்டி விளிம்பு வரை நிரம்பி, இன்னும் மெல்ல மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

துடைத்து எடுத்துவிட்டுப் படுத்தோம். நடுச்சாமத்தில் கரண்ட் வந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. வெளியே போன 18 லீற்றர் தண்ணீர் இல்லாமல் பம்ப் விடியும் வரை காற்றை உறிஞ்சி உறிஞ்சி எரிந்து போனது. மீன்கள் தப்பியது பற்றரி ஏர் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால்தான்.

அன்றைக்கு நடந்ததை ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் சம்ப் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது. இனி வாங்கப் போகிறவர்கள், செய்யப் போகிறவர்கள் அந்தக் கணக்கைத் தண்ணீர் சிந்துவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வீட்டு வளவில் குழாய்த் தண்ணீர் சேமிக்கக் கட்டும் சம்ப் அல்ல. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டி. மேல் தொட்டியின் தண்ணீர் ஒரு விளிம்பால் வழிந்து, பைப் வழியாகத் தானாகவே கீழே இறங்கும். கீழே அழுக்கு வடியும், புரத அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் வேலை செய்யும், ஹீட்டர் மறைந்திருக்கும். கடைசி அறையில் உள்ள பம்ப் அதே தண்ணீரை மேலே தள்ளும். இறங்குவது பாரத்தால், ஏறுவது கரண்டால். கரண்ட் நின்றால் ஏறுவது மட்டும்தான் நிற்கும். இறங்குவது உடனே நிற்காது.

என் முதல் சம்ப் வீட்டில் சும்மா கிடந்த இரண்டு அடித் தொட்டி. 60க்கு 30க்கு 30 சென்ரிமீற்றர், மொத்தம் 54 லீற்றர். அதில் 40 லீற்றர் எப்போதும் இருக்கும். ஆக, மிச்ச இடம் 14 லீற்றர். மேல் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம். அதில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 5.4 லீற்றர். பம்ப் நின்றால் விளிம்பு மட்டத்துக்கு இறங்கும் வரை, அதாவது இரண்டு சென்ரிமீற்றர், சுமார் 11 லீற்றர் கீழே வரும். 14க்குள் 11 அடங்கும். ஆரம்பத்தில் நான்கைந்து தரம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஆனால் பம்பில் இருந்து மேலே போகும் பைப்பின் வாய் தண்ணீருக்குள் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது. பம்ப் நின்றதும் அந்தப் பைப்பே சைபனாக மாறித் தண்ணீரைப் பின்னுக்கு இழுக்கும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சிறிய துளை போடுவார்கள். மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுக்கும், சைபன் அறுந்துவிடும். நானும் போட்டிருந்தேன். ஏழு மாதத்தில் அந்தத் துளையைப் பாசி அடைத்துவிட்டது. நகத்தால் சுரண்டிய பிறகுதான் அங்கே துளை இருந்ததே தெரிந்தது. அதனால் மேலே இருந்து இறங்கியது 11 லீற்றர் அல்ல, ஆறு சென்ரிமீற்றர் முழுவதும், அதாவது 32 லீற்றர். பதினான்கில் முப்பத்திரண்டு எப்படி அடங்கும்?

துளை அடைபட்டது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் பாசியும் சுண்ணாம்பும் பிடித்து ஒரு நாள் முழுதாக மூடாமல் போகும். நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும் போடவில்லை. துளை போடுங்கள், பைப்பின் வாயை நீர்மட்டத்துக்கு மிக அருகில் வையுங்கள். இரண்டுமே பிழைத்தாலும் சம்ப் தாங்க வேண்டும்.

சரி, இரண்டாவது சம்ப். முதலில் அளந்தது ஸ்டாண்டின் உள்பக்கத்தை. உள்ளே 112 சென்ரிமீற்றர் நீளம் இருந்தாலும், முன் பக்கம் நடுவில் ஒரு மரக்கால் நின்றது. அந்தக் காலை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய சம்ப்பையும் உள்ளே விட முடியாது. ஓடாவியாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, தொட்டியை இறக்காமல் இந்தக் காலில நான் கை வைக்க மாட்டன்" என்றார். நியாயம்தானே. தண்ணீர் மட்டுமே கால் தொன் பாரம். தொட்டியை இறக்கினோம், நடுக்காலை எடுத்து மேல் சட்டத்துக்குத் தடித்த மஹோகனிப் பலகை போட்டுப் பலப்படுத்தினார். ஸ்டாண்ட் செய்யும்போதே சம்ப் போகவும் வரவும் வழி விடுங்கள். மேல் தொட்டி இருந்த இடத்தில் இருக்க, சம்ப்பை முன்னால் இழுத்து எடுக்க முடிய வேண்டும். கசிவு வந்தால் அது ஒன்றுதான் வழி. இரும்பு ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டால், கடற்காற்று வீசும் திருகோணமலையில் நான் மரத்தின் பக்கம்தான்.

உயரமும் முக்கியம். ஸ்கிம்மரின் உயரம் மட்டும் போதாது. அதன் கப்பை மேலே தூக்கிக் கழற்ற இன்னும் ஒரு சாண் வேண்டும். வாரம் இரண்டு தரம் அந்தக் கப்பைக் கழுவ வேண்டும், சிரமமாக இருந்தால் கை போகாது.

கடைசியில் 90க்கு 38க்கு 38 என்று முடிவு செய்தேன். ஓடும்போது நீர்மட்டம் 20 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 68 லீற்றர். மேலே இரண்டு சென்ரிமீற்றரை விட்டுவிட்டுப் பார்த்தால் மிச்ச இடம் 54 லீற்றர். உள்ளே உள்ள கண்ணாடி, ஸ்கிம்மர் எல்லாம் பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் 48க்குக் குறையாது. துளை அடைபட்டு 32 வந்தாலும், பைப்புக்குள் நிற்கும் மூன்று லீற்றரும் சேர்ந்து வந்தாலும் தரை நனையாது. பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் 20 லீற்றர்க் கேன் ஒன்று நிற்கிறது. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கண்ணாடியைப் பிரதான வீதிப் பக்கம் ஒரு கடையில் வெட்டினோம். வெளிக் கண்ணாடி 6 மில்லிமீற்றர், உள்ளே குறுக்குத் தடுப்புகள் 5. தடுப்புகளின் மேல் விளிம்பை உரசி மழுக்கித் தரச் சொல்லுங்கள். பிறகு எத்தனையோ தரம் கையை உள்ளே விடப்போகிறீர்கள். சிலிக்கன் வாங்கும்போது பூஞ்சணம் பிடிக்காது என்று எழுதிய குளியலறை வகையை வாங்க வேண்டாம், அதில் கலந்துள்ள மருந்து மீனுக்கு விஷம். வினாகிரி மணக்கும் சாதாரண சிலிக்கன் போதும். ஒட்டிய பிறகு ஒரு கிழமை விட்டேன், அந்த மணம் முழுதாகப் போகும் வரை. பழைய சிலிக்கனுக்கு மேல் புதிது பிடிக்காது. பழைய தொட்டியைத் திருத்துபவர்கள் பிளேடால் முழுதாகச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

உள்ளே மூன்று அறை. முதல் அறையில் பைப் வந்து இறங்கும், ஸ்கிம்மர் நிற்கும். எந்த ஸ்கிம்மருக்கும் அதற்கென்று ஒரு நீர் ஆழம் உண்டு. எனதுக்கு 18 முதல் 20 சென்ரிமீற்றர். முதல் தடுப்பை 20 உயரத்துக்கு வைத்தால் அங்கே மட்டம் அசையாது. ஸ்கிம்மரை வாங்கிய பிறகுதான் தடுப்பை வெட்டக் கொடுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் ஸ்கிம்மருக்குக் கீழே முட்டுக் கொடுக்க நேரும். நடு அறையில் பீங்கான் வளையங்களும், கம்பிச் சுருள் போன்ற பச்சைப் பாசி கொஞ்சமும். அதற்குச் சிறு லைட் ஒன்று இரவில் எரியும். அதன் பிறகு ஒன்றரை அங்குல இடைவெளியில் மூன்று தடுப்புகள், மேலால், கீழால், மேலால் என்று தண்ணீரைப் போக்குகின்றன. குமிழிகள் அங்கேயே மேலெழுந்து உடைந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம். உயிர்ப்பாறை என்று கடலில் இருந்து பவளக்கல்லை எடுத்து வந்து போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பவளக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைத் தீவு தேசியப் பூங்கா, அங்கே கைவைக்கவே கூடாது. அங்கே தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்த எவருக்கும் அதைப் பிடுங்கி வர மனம் வராது. என் தொட்டியில் இருப்பது காய்ந்த கல்லும், பொரிப்பகத்தில் வளர்ந்த கிளவுன் மீன் இரண்டும், ஒரு பிளெனி மீனும், துப்புரவு இறால் ஒன்றும், சில நத்தைகளும்தான்.

மூன்றாவது அறையில்தான் பலரும் தவறு விடுகிறார்கள், முதல் சம்ப்பில் நானும் விட்டேன். தொட்டி முழுவதிலும் ஆவியாகிப் போகும் தண்ணீரின் குறை இந்த ஒரு அறையில் மட்டும்தான் தெரியும். மற்ற அறைகளைத் தடுப்பு பிடித்து வைத்திருக்கும், மேல் தொட்டியை விளிம்பு பிடித்து வைத்திருக்கும். என் பழைய சம்ப்பில் பம்ப் அறை 10 சென்ரிமீற்றர் அகலம், 30 நீளம். மூன்று லீற்றர் ஆவியானால் அந்த அறையில் மட்டம் பத்து சென்ரிமீற்றர் இறங்கும். காலையில் நிரப்பினால் இரவுக்கு பம்ப் காற்றை இழுத்துக் கத்தத் தொடங்கும். புதியதில் அகலத்தை 22 ஆக்கினேன். இப்போது அதே மூன்று லீற்றருக்கு நான்கு சென்ரிமீற்றர்கூட இறங்காது.

திருகோணமலையில் மூன்று லீற்றர் என்பது சாதாரண நாட்களின் கணக்கு. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கதை வேறு. மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போல இருக்கும். தொட்டித் தண்ணீர் 31 பாகை வரை போனது. ஸ்கிம்மர் அறைக்கு மேல் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி ஒரு சிறிய ஃபேன் பொருத்தினேன், 28க்கு வந்தது. வெப்பம் குறைவதே தண்ணீர் ஆவியாவதால்தான், ஆகவே நாளொன்றுக்கு ஆறு லீற்றர் வரை குறைந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடும். மொத்தம் 300 லீற்றரில் ஐந்து நாள் ஆறு ஆறாகப் போய், ஒன்றும் நிரப்பாமல் விட்டால் ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பின் அளவு 39ஐத் தொடும். அதற்குத்தான் அந்த 20 லீற்றர்க் கேன். அதில் வடிகட்டிய நன்னீர். பம்ப் அறையில் மிதவை ஒன்று மட்டத்தைப் பார்த்து, குறையும்போது கேனில் இருந்து விடும். குறைந்ததை நிரப்ப ஒருபோதும் உப்புத் தண்ணீர் விடாதீர்கள். கேன் 20 லீற்றருக்கு மேல் இல்லாதது காரணத்தோடுதான். மிதவை மாட்டிக்கொண்டு முழுக் கேனும் இறங்கினாலும் 300 லீற்றரில் உப்பு 32.8க்குக் கீழே போகாது, மீனும் இறாலும் தாங்கும்.

இனி பைப். இதில்தான் எனக்குப் பெரிய இழப்பு. மேலே இருந்து இறங்கும் பைப்பில் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு வேண்டியிருந்தது. ஹாட்வெயார் கடையில் நல்ல பாரமான கேட் வால்வு ஒன்றைத் தந்தார்கள், பித்தளை. தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுதானே, நன்றாக உழைக்கும் என்று வாங்கிப் பொருத்தினேன். ஒன்பதாம் நாள் இறால் பக்கவாட்டில் கிடந்தது. மீசை மட்டும் மெல்ல அசைந்தது, பின்னேரம் அதுவும் நின்றது. அடுத்த இரண்டு நாளில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் இருந்து விழுந்தன. மீன்களுக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு உடனே பிடிபடவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தபோது உள் வாயைச் சுற்றிப் பச்சை வளையம் படிந்திருந்தது. பித்தளையில் செம்பு இருக்கிறது. மீன் தாங்கும் அளவுச் செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றி, கார்பன் போட்டு, இரண்டு மாதம் இறாலே விடாமல் இருந்தேன். அந்த இறால் என் கையில் வந்து நகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் பழகியிருந்தது. இப்போது பிவிசி வால்வு. திருகுவதற்குக் கொஞ்சம் முரடு, ஆனால் ஆணி, கிளிப், வால்வு, எதிலும் செம்போ பித்தளையோ தண்ணீரைத் தொடாது.

இறங்கும் பைப் ஒன்றல்ல, இரண்டு போடுங்கள். ஒன்று எப்போதும் நீருக்குள் மூழ்கி, காற்றில்லாமல் முழுதாக ஓடும், வால்வு அதில்தான். காற்று போகாததால் சத்தமே இருக்காது. மற்றது அதைவிடச் சற்று உயரமாக, வெறுமனே நிற்கும். முதலாவது அடைத்தால் தண்ணீர் ஏறி இரண்டாவதில் விழும். இரண்டாவதில் வால்வு போடவே கூடாது. எனது இரண்டும் 32 மில்லிமீற்றர். மேலே போகும் பைப் 25.

இரண்டாவது பைப்புக்கு மேல் தொட்டியில் வேண்டிய துளையைக் கண்ணாடிக் கடை அண்ணைதான் போட்டுத் தந்தார். மீன்களை இரண்டு நாளுக்கு நீல பரலில் விட்டோம். கண்ணாடியில் குறித்த இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடும் களியால் ஒரு சிறு வரம்பு கட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றினார். மெதுவாக, அழுத்தாமல், ட்ரில் பிட்டின் பாரத்திலேயே சுற்ற விட்டார். தண்ணீர் பால் போல வெளுத்து வந்தது. "அழுத்தினா வெடிச்சுப் போகும் தம்பி, அது தானாப் போகட்டும்." பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. டெம்பர் செய்த கண்ணாடியில் துளை போட முடியாது, தொட்டவுடன் பொடியாகும், வாங்கிய இடத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். துளையில் வைத்துப் பைப்பைக் கண்ணாடியோடு இணைக்கும் பல்க்ஹெட்டை முதலில் வாங்கி, அதன் கழுத்தை அளந்து, அதற்குப் பிறகு பிட் தேடுங்கள். ரப்பர் வளையம் நட்டின் பக்கம் அல்ல, தலைப் பக்கம். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான்.

பம்ப் பெட்டியில் எழுதிய எண்ணை நம்பி எதையும் கணக்கிட வேண்டாம். எனதில் மணிக்கு 3000 லீற்றர் என்று இருந்தது. நாலரை அடி உயரம், மூன்று எல்போ தாண்டி மேலே வந்ததை வாளியில் பிடித்துப் பார்த்தேன். பத்து லீற்றர் நிரம்ப 24 செக்கன். அதாவது மணிக்கு 1500. மேல் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஆறு தரம் சுற்றுகிறது, எனக்கு அது தாராளம். சம்ப்பில் வேகம் கூடினால் குமிழியும் சத்தமும்தான் கூடும்.

பொருத்திய பிறகு உப்புப் போடாமல், குழாய்த் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஓட விட்டேன். சம்ப்புக்குக் கீழே ரெஜிஃபோம் தட்டு. திருகியும் ஒட்டியும் வைத்த இடங்களில் எல்லாம் டிஷ்யூவைச் சுற்றி வைத்தேன், சிறு கசிவும் அதில் தெரியும். பிறகு சைபனை அறுக்கும் துளையை விரலால் மூடிக்கொண்டு பிளக்கைக் கழற்றினேன். தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, ஓடும்போது இருக்க வேண்டிய உச்ச மட்டத்தைக் கறுப்பு டேப்பால் குறித்தேன். அந்தக் கோட்டுக்கு மேல் இன்றுவரை யாரும் ஊற்றியதில்லை. அடுத்தது எதிர்ப்பக்கச் சோதனை: முதல் பைப்பின் வாயை உள்ளங்கையால் மூடினேன். மேலே ஏறிய தண்ணீரை இரண்டாவது பைப் எடுத்துக்கொண்டது. இரண்டு பைப்பையும் மூடினால்கூட பம்ப் அறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே ஏறி வழியாமல் நிற்க வேண்டும். பம்ப் அறையில் 16 லீற்றர், மேல் தொட்டியில் ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கு மேல் நான்கு சென்ரிமீற்றர் இடம், 21 லீற்றர். அடங்கியது.

அந்தச் சோதனைக்குப் பலன் அடுத்த மாரியில் கிடைத்தது. விடியப்புறம் அம்மா தட்டி எழுப்பினார். "தம்பி, தொட்டி கத்துது." முதல் பைப்புக்குள் நத்தை ஒன்று போய் மாட்டியிருந்தது. இரண்டாவது பைப் சளசளவென்று தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. இப்போது இரண்டு பைப்பின் வாயிலும் பிளாஸ்டிக் வலை.

கரண்டைப் பற்றி. பிளக் போர்டை சம்ப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்காதீர்கள். உப்பு நுரை தெறித்து வெள்ளையாகப் படியும், அது ஈரத்தை இழுக்கும். எனது ஸ்டாண்டுக்கு வெளியே, சுவரில், இடுப்பு உயரத்தில். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும், சொட்டு அங்கேயே விழும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது செத்துப் போயிருந்தது, தொட்டி வைத்திராவிட்டால் தெரிந்தே இராது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெடியன் மூன்று அடித் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்யக் கொடுக்கப் போவதாக அளவு கொண்டு வந்து காட்டினான். உள்ளுயரம் 55 சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தான். வாங்கப் பார்த்திருந்த ஸ்கிம்மர் 47. சம்ப் அடிக்கும் தட்டுக்கும் இரண்டு போனால், கப்பைத் தூக்க ஆறுதான் மிச்சம். கதிரையில் இருந்து அதே தாளில் 55ஐ வெட்டி 70 என்று எழுதிக் கொடுத்தேன். "அண்ணா, அப்ப தொட்டி என்ர நெஞ்சு உயரத்துக்கு வந்திடுமே" என்றான். வரட்டும், நின்றுகொண்டு பார்க்கலாம் என்றேன்.